முகம் பார்க்கும் சில்லு

இரவு இரண்டு பத்துக்குப்
புதிய கெர்னல் வந்து இறங்கியது,
யாரும் கூப்பிடாமலே.
கணினி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
திறந்ததா?

ஐஸ்லாந்தின் மேற்கு ஓரம். பிப்ரவரி.
ஊருக்கு மேலே, சரிவில், ஒரு தகரக் கொட்டகை.
அதற்குள்ளிருந்து ஒரு ரேடார்
விடிய விடியப் பனியை அளக்கும்.
பனி ஒரு முழம் நகர்ந்தால்
கீழே நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில்
கைபேசி அலறும்.

இன்று ஒரு வீட்டில்தான் அலறியது.
"நிலையம் பதில் தரவில்லை."

ஸ்டெய்னுன் போய்
பனிவாரி ஓட்டும் ஒர்ரியின் கதவைத் தட்டினாள்.
ஏன் எதற்கு என்று கேட்கிற ஆளில்லை அவன்.
"சங்கிலி மாட்டித்தான் இருக்கு, ஏறு" என்றான்.

கொட்டகைத் திரையில் ஒரே ஒரு வரி:
மீட்புச் சாவியைத் தா.

சுண்டுவிரல் நகமளவு சில்லு ஒன்று
தாய்ப்பலகையில் உட்கார்ந்திருக்கிறது.
அதற்குப் படிக்கத் தெரியாது, நிறுக்கத் தெரியும்.
எழுந்திருக்கும் ஒவ்வொன்றும்
அடுத்ததை எழுப்பும் முன்
அதைத் தராசில் வைத்துக் காட்ட வேண்டும்.
நேற்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒன்றானால்
வட்டின் சாவியைக் கொடுக்கும்.
கடுகளவு பிசகினாலும் வாய் திறக்காது.
திருடனும் புதுமுகம், விருந்தாளியும் புதுமுகம்.
அது என்ன செய்யும், பாவம்.

இதையெல்லாம் பூட்டிவிட்டுப் போன ஹால்வர்துர்
இப்போது அக்குரேரியில் வேறு வேலையில்.
ஏழாவது மணிக்கு எடுத்தான்.
"பாதுகாப்புத் துவக்கத்தை அணைத்துவிடு, ஒரே தட்டு."
"அணைத்தால் இன்னும் முறைத்துக்கொள்ளும்.
நேற்றைய கணக்கில் அதுவும் சேர்த்திதானே?"
கொட்டாவி. பிறகு,
"அப்படியானால் தீயணைப்பானுக்குப் பின்னால் பார்.
ஒரு தாள் ஒட்டியிருப்பேன்."

ஒட்டியிருந்தான்.
பூட்டைப் பூட்டி
சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மகராசன்.
திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல்
கையுறையைக் கழற்றினாள்.

எட்டெட்டு எழுத்தாய் எட்டுக் கட்டு.
எந்த நாட்டு விசைப்பலகையிலும்
இடம் மாறாத எழுத்துகளாகப் பொறுக்கி எடுத்தவை.
அவள் மொழிக்கே உரிய முள் எழுத்துகளுக்கு
அங்கே இடமில்லை.
ஒர்ரி டார்ச்சை வாயில் கவ்வியபடி வாசித்தான்,
ஆறாவது கட்டில் ஒன்றை மற்றொன்றாக வாசித்தான்.
தவறு, என்றது திரை.
டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து.

ரேடார் விழித்ததும் முதல் வேலையாகச் சொன்னது:
பார்வை இல்லாத ஐம்பத்து மூன்று நிமிடத்தில்
சரிவு பதினொரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது.
அவ்வளவுதான். முழத்தில் கால் பங்கு.
இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
கீழே பேக்கரியில் விளக்கு எரிந்தது.

இன்றைய முகத்தை மனப்பாடம் செய் என்று
சில்லுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.
அடுத்த மாதம் இன்னொரு கெர்னல் வரும்,
இன்னொரு இரண்டு பத்து.
அதனால் வேறு பாடம் சொன்னாள்:
முகத்தைப் பார்க்காதே.
வருகிறவன் கையில் சீட்டு இருக்கிறதா பார்,
சீட்டில் என் கையெழுத்து இருக்கிறதா பார்.
இனி எந்தக் கெர்னலும்
ஊர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டே
மலையேறும்.

"நம்ம பேரு மாதிரி" என்றான் ஒர்ரி.
"யாரு நீன்னா, இன்னார் மகன்னு சொல்ற மாதிரி."
"அந்த இன்னார் யோக்கியனாக இருக்க வேண்டும்" என்றாள்,
பழைய சாவியை வட்டிலிருந்து அழித்தபடி.
தாளைக் கிழித்து ஒர்ரியின் அடுப்புக்குக் கொடுத்தாள்.
புதிய தாள் எங்கே இருக்கிறதென்று
இந்தக் கவிதைக்குத் தெரியாது.

மார்ச் ஒன்பது. இன்னொரு கெர்னல்.
கொட்டகை கண்ணை மூடித் திறந்தது,
பத்தொன்பது நொடியில்
பனியை அளக்கப் போய்விட்டது.

ஸ்டெய்னுன்
இரண்டு பத்துக்குத் தானாகவே விழித்து
இருட்டான கைபேசியை
வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.